திரைப் பியானோவும் ஐந்தரைக் கட்டையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இலவச இசை மென்பொருள்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கணினித் திரையில் படமாகத் தோன்றும் பியானோவைப் பற்றியே கேட்கின்றன. வாலிநோக்கம் முதல் தொண்டி வரை நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவற்றில் ஏழு கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க, திரையில் தெரிவதைத் 'திரைப் பியானோ' என்றும், கையால் வாசிக்கும் கருவியைக் 'கீபோர்டு' என்றும், கணினியில் எழுத்துகளைத் தட்டுவதை 'விசைப்பலகை' என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கருவி கோயிலிலேயே இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் கைக்குக் கிடைப்பதில்லை. வீட்டு லேப்டாப்பில் மியூஸ்ஸ்கோர் மென்பொருளை நிறுவி, பாட்டுகளுக்கு நோட்டு எழுதிவைக்க முயன்றேன். திரைப் பியானோவைக் கிளிக் செய்தால் ஒலி கேட்கிறது. தாளில் ஒன்றும் விழவில்லை. எங்கே தவறு?
– வாசகர், பாம்பன்

பதில்: ஒலி கேட்டும் நோட்டு விழவில்லை என்றால், மென்பொருள் இன்னும் எழுதும் நிலைக்கு வரவில்லை என்று பொருள். ஸ்டாஃபில் (நோட்டு எழுதும் ஐந்து கோடுகளில்) எந்த இடத்திலிருந்து எழுத வேண்டுமோ அந்த இடத்தை முதலில் கிளிக் செய்து, பிறகு விசைப்பலகையில் 'என்' எழுத்தை அழுத்துங்கள். அதன் பிறகு திரைப் பியானோவில் நீங்கள் தொடும் கட்டை தாளில் நோட்டாக விழும். திரைப் பியானோவே கண்ணில் படாவிட்டால் 'பி' எழுத்தை அழுத்தினால் தோன்றும். மீண்டும் அழுத்தினால் மறையும்.

கருவி வாசித்துப் பழகியவர்கள் அனைவரும் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. கீபோர்டில் கட்டையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு நேரம் ஸ்வரம் நீளும். மியூஸ்ஸ்கோரில் இப்படி எழுதும்போது அந்தக் கணக்கு செல்லாது. மவுஸை அழுத்திக்கொண்டே இருந்தாலும் நோட்டின் நீளம் கூடாது. எந்த ஸ்வரம் என்பதை மட்டுமே திரைப் பியானோ சொல்லும். எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் முன்கூட்டியே எண் விசையால் சொல்லிவிட வேண்டும். 5 என்பது கால் நோட்டு, 4 அதில் பாதி, 6 அதன் இரட்டிப்பு, 7 முழு நோட்டு. முற்றுப்புள்ளி விசை நோட்டுக்குப் புள்ளி வைக்கும். பூச்சியம் மௌனத்தை எழுதும். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி அடுத்த கட்டையைக் கிளிக் செய்தால், அது புதிய நோட்டாகப் போகாமல் முந்தைய நோட்டின் மேல் ஏறி கார்டாக, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டாக, அமையும்.

இன்னொரு சிக்கலையும் நீங்கள் விரைவிலேயே சந்திப்பீர்கள். ஒரு கறுப்புக் கட்டையைத் தொட்டால் அது சி ஷார்ப்பா, டி ஃபிளாட்டா என்பது திரைப் பியானோவுக்குத் தெரியாது. மென்பொருள் ஏதோ ஒன்றை ஊகித்து எழுதும். ஊகம் தவறாக இருந்தால் அந்த நோட்டைத் தேர்ந்தெடுத்து 'ஜே' எழுத்தை அழுத்துங்கள். ஒலி மாறாமல் எழுத்து மட்டும் மாறும். பாடகர் குழுவுக்குத் தாளைக் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் காதுக்குச் சரியாகக் கேட்கும் தாள் கண்ணுக்குத் தவறாக இருந்தால், நோட்டுப் பார்த்துப் பாடுகிறவர்களே முதலில் தடுமாறுவார்கள்.

ஒரு முழுப் பாட்டையும் மவுஸால் கட்டை கட்டையாகக் கிளிக் செய்து எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பொறுமை போய்விடும். மியூஸ்ஸ்கோரில் ஏ முதல் ஜி வரையுள்ள எழுத்துகளைத் தட்டினாலே அந்தந்தப் பெயருடைய நோட்டு விழும். முந்தைய நோட்டுக்கு மிக அருகிலுள்ள ஸ்தாயியையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அது தவறானால் கன்ட்ரோல் விசையுடன் மேல் அம்புக்குறியையோ கீழ் அம்புக்குறியையோ தட்டி மாற்றலாம். எழுத்துகளால் எழுதிக்கொண்டே போய், எந்தக் கட்டை என்ற ஐயம் வரும் இடத்தில் மட்டும் திரைப் பியானோவைத் தொட்டுப் பார்ப்பதே விரைவான வழி.

கேள்வி: விசைப்பலகையின் எழுத்துகளையே பியானோக் கட்டைகளாக்கி வாசிக்கிறேன். இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. மூன்று அல்லது நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில கார்டுகளில் மட்டும் ஒரு ஸ்வரம் விழுங்கப்படுகிறது. கடையில் காட்டினேன், விசைப்பலகையில் பழுதில்லை என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. கணினி விசைப்பலகைக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்தடங்கள் சந்திக்கும் இடங்களில் விசைகள் அமர்ந்திருக்கின்றன. எந்தக் குறுக்குத் தடமும் எந்த நெடுக்குத் தடமும் இணைந்தன என்பதைப் பார்த்தே எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மின்சுற்று கண்டுபிடிக்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், அழுத்தப்படாத நான்காவது மூலையும் இணைந்ததுபோலவே மின்சுற்றுக்குத் தோன்றும். அந்தப் பொய்யான எழுத்து திரையில் விழாமலிருக்க, இத்தகைய சந்தர்ப்பத்தில் மூன்றாவதாக வரும் விசையையே பல விசைப்பலகைகள் ஏற்காமல் விட்டுவிடுகின்றன. கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை. கார்டு வாசிக்கிற உங்களுக்குத்தான் ஸ்வரம் போய்விடுகிறது. இசைக் கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று வைக்கப்படுவதால், பத்து விரல்களை வைத்தாலும் பத்தும் ஒலிக்கின்றன.

எந்தெந்தச் சேர்க்கைகள் உங்கள் லேப்டாப்பில் ஒலிக்காது என்பதை எளிதாகக் கண்டறியலாம். நோட்பேடைத் திறந்து, கார்டுக்குரிய மூன்று எழுத்துகளையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். மூன்றும் திரையில் விழுந்தால் அந்தக் கார்டு மென்பொருளிலும் ஒலிக்கும்.

விழாத கார்டுக்கு வழி, அதை வேறு எழுத்துகளுக்கு நகர்த்துவதுதான். இதற்கு எழுத்து அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கராஜ்பேண்ட், ஏபிள்டன் லைவ் போன்ற இசை மென்பொருள்களில் நடுவரிசை எழுத்துகளான ஏ, எஸ், டி (D), எஃப், ஜி, எச், ஜே ஆகியவை வெள்ளைக் கட்டைகள். அவற்றுக்கு மேலே உள்ள டபிள்யூ, இ, டி (T), ஒய், யூ ஆகியவை கறுப்புக் கட்டைகள். மேல்வரிசையில் 'ஆர்' ஒலிக்காமலிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: அது இருக்கும் இடம் பியானோவில் மூன்றாவது, நான்காவது வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே வருகிறது; அங்கே கறுப்புக் கட்டை கிடையாது. எல்எம்எம்எஸ், எஃப்எல் ஸ்டூடியோ ஆகியவற்றில் அமைப்பு வேறு: கீழ்வரிசையின் 'இசட்' எழுத்தில் ஒரு ஸ்தாயி தொடங்க, மேல்வரிசையின் 'க்யூ' எழுத்தில் அடுத்த ஸ்தாயி தொடங்குகிறது. இந்த இரண்டாம் வகையில், அடியில் நிற்கும் ஸ்வரத்தைக் கீழ்வரிசையிலும் மற்ற இரண்டை மேல்வரிசையிலுமாகப் பிரித்து வாசித்தால், விழுங்கப்படும் கார்டுகள் பல மீண்டுவிடும். அப்படியும் வராதவற்றை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவுசெய்து, பிறகு ஸ்வரங்கள் பட்டைகளாகத் தெரியும் மென்பொருளின் பியானோ ரோல் பகுதியில் ஒன்றன் மேல் ஒன்றாக இழுத்து வைத்துவிடுங்கள். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது.

கேள்வி: நேற்று வரை சரியாக வேலை செய்த எழுத்துப் பியானோ இன்று ஊமையாகிவிட்டது. சில நேரம் ஒரு ஸ்வரம் விடாமல் கூவிக்கொண்டே இருக்கிறது.
– வாசகர், ஏர்வாடி

பதில்: ஊமையானதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். தமிழில் தட்டச்சு செய்துவிட்டு விசைப்பலகையைத் தமிழ் 99 அமைப்பிலேயே விட்டிருந்தால், சில மென்பொருள்கள் எழுத்துகளை அடையாளம் காணாமல் போகும். ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். பியானோ சாளரத்துக்கு வெளியே எங்காவது கிளிக் செய்திருந்தால், எழுத்துகள் ஸ்வரங்களாக இல்லாமல் கட்டளைகளாகிவிடும். சாளரத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். ஸ்தாயி மாற்றும் விசையைத் தெரியாமல் பலமுறை தட்டியிருந்தால், ஸ்வரம் காதுக்கு எட்டாத அளவு மேலேயோ கீழேயோ போயிருக்கும்.

கூவிக்கொண்டே இருப்பது, கட்டை அழுத்தப்பட்ட செய்தி போய்ச்சேர்ந்து, விடப்பட்ட செய்தி வழியில் தொலைந்ததால் நேர்வது. விசையை அழுத்தியிருக்கும்போதே வேறு சாளரத்துக்குத் தாவினால் இப்படி ஆகும். அனைத்து ஸ்வரங்களையும் நிறுத்தும் 'பேனிக்' பொத்தான் பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு.

கேள்வி: நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் கற்றுத்தருகிறேன். என் சுருதி ஐந்தரைக் கட்டை. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டை என்று கை தானாகவே போகும். திரைப் பியானோவில் சி3, சி4 என்று ஏதேதோ எழுதியிருக்கிறது. ஒரு கட்டை எங்கே, ஐந்தரை எங்கே? பிள்ளைகளுக்கு ராகங்களின் ஸ்வர இடங்களைக் காட்ட இது பயன்படுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, நன்றாகப் பயன்படும். வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையதுதான்.

கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூட்டமாக நிற்பதைப் பாருங்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்துக்குச் சற்று இடப்புறம் உள்ள வெள்ளைக் கட்டை 'சி'. அதுவே ஒரு கட்டை. அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று போகும். கறுப்பானவை அரைக் கட்டைகள்: ஒன்றரை, இரண்டரை, பிறகு நான்கரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக்கும் ஏழரைக்கும் கறுப்புக் கட்டை இல்லை. ஆகவே உங்கள் ஐந்தரைக் கட்டை, மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் கூட்டத்தின் நடுக் கட்டையாகும்.

சி4 என்பதில் உள்ள எண் ஸ்தாயியைக் குறிக்கிறது. பியானோவின் நடுவே இருக்கும் 'சி'யைச் சில நிறுவனங்கள் சி4 என்றும், யமஹா போன்றவை சி3 என்றும் எழுதுகின்றன. 1983இல் வெளிவந்து இன்றும் மின்னணு இசைக் கருவிகள் பின்பற்றும் மிடி என்னும் பொது முறையில் அதன் எண் 60. பெயர் எதுவானாலும் அந்த எண் மாறாது. ஆகவே இரு மென்பொருள்களில் எழுத்து வேறுபட்டால் திகைக்க வேண்டாம்.

உங்கள் சுருதியிலேயே பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால், நடுக் கறுப்புக் கட்டையை ஷட்ஜமாகக் கொண்டு வாசிக்கலாம். ஆனால் தொடக்க நிலையில் உள்ள பிள்ளைக்கு அது கடினம். மாறாக, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பகுதியில் மைனஸ் 4 என்று வைத்துவிடுங்கள். அப்போது கண்ணுக்குச் 'சி' என்று தெரியும் கட்டையைத் தொட்டால் காதுக்கு ஐந்தரைக் கட்டை ஷட்ஜம் ஒலிக்கும். பிளஸ் 8 என்று வைத்தாலும் ஐந்தரைதான் வரும். ஆனால் ஒரு ஸ்தாயி மேலே போய் உங்கள் குரலுக்கு ஒவ்வாமல் கீச்சிடும்.

இப்படி வைத்துக்கொண்டால், 'சி'யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாகத் தொட சங்கராபரணம் வரும். சரளி வரிசைக்கு உரிய மாயாமாளவகௌளைக்கு அதில் இரண்டே இடங்களை மாற்றினால் போதும்: ரிஷபத்துக்கு 'சி'யை ஒட்டிய கறுப்புக் கட்டை, தைவதத்துக்கு மூன்று கறுப்புக் கட்டைகளில் நடுவில் உள்ளது. 'ச'வும் 'ரி'யும் ஒட்டி நிற்பதையும், 'ரி'யிலிருந்து 'க' எட்டிப் போவதையும், அதே இடைவெளிகள் 'ப த நி'யில் திரும்ப வருவதையும் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். வாயால் ஒரு மாதம் சொன்னாலும் இவ்வளவு தெளிவாகப் பதியாது.

சற்றுப் பெரிய பிள்ளைகள் இருந்தால் இதையும் செய்து காட்டுங்கள். டிரான்ஸ்போஸைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் பயன்படுத்துங்கள். நான்கரைக் கட்டையை ஷட்ஜமாக வைத்து மேலேறினால் மோகனம். அதே ஐந்து கட்டைகளை ஐந்தரையிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி. ஆறரையிலிருந்து இந்தோளம். ஒன்றரையிலிருந்து சுத்தசாவேரி. இரண்டரையிலிருந்து சுத்ததன்யாசி. தொடும் கட்டைகள் மாறவில்லை, ஷட்ஜம் மட்டுமே மாறியது. கிரகபேதம் என்று நாம் சொல்வதை இதைவிட எளிதாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தந்த ஷட்ஜத்துக்குச் சுருதிப் பெட்டியை மாற்றிப் பின்னால் ஒலிக்கவிட மறக்காதீர்கள். சுருதி இல்லாவிட்டால் காது பழைய ஷட்ஜத்தையே பிடித்துக்கொண்டிருக்கும், ராகம் மாறியது தெரியவே தெரியாது.

எச்சரிக்கையாக ஒன்று. திரைப் பியானோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாக வெட்டியது. தம்பூராவில் இயல்பாக எழும் அந்தர காந்தாரத்தைவிடத் திரைப் பியானோவின் காந்தாரம் ஒரு அரைஸ்வரத்தில் (அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தொலைவில்) ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் தூக்கலாக இருக்கும். பஞ்சமத்தில் வேறுபாடு காதில் விழாத அளவுக்குச் சிறியது. எனவே இடத்தைக் கண்ணுக்குக் காட்டத் திரைப் பியானோவை வைத்துக்கொள்ளுங்கள். பாடும்போது அதை மூடிவிட்டுத் தம்பூராவோடு பாடச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாக நாதஸ்வரம் வாசிப்பவர்கள். மகன் கணினியில் கீர்த்தனைகளை ஏற்றி வைக்கிறான். திரைப் பியானோவில் கேட்டால் தோடி தோடியாக இல்லை. கமகம் கொண்டுவர வழி உண்டா?
– வாசகர், இராமேசுவரம்

பதில்: ஓரளவுக்கு உண்டு, முழுமையாக இல்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் அன்று. அசைவே அதன் உருவம். அசையாத கட்டைகளால் ஆன கருவியில் அதைத் தொட்டால், இடம் சரியாக இருந்தும் ராகம் வராது. ஆர்மோனியத்தின் மீது எழுந்த பழைய குற்றச்சாட்டும் இதுவே. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியதற்கும், 1971 வாக்கில்தான் அந்தத் தடை தளர்ந்ததற்கும் பின்னால் இருந்த வாதங்களில் இது முதன்மையானது. பூச்சி சீனிவாச ஐயங்கார் வித்துவானாக விளங்கிய இராமநாதபுரம் சமஸ்தானத்து மண்ணில் இருந்துகொண்டு இந்தக் குறையை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

கணினியில் உள்ள ஒரே ஆறுதல் 'பிட்ச் பெண்ட்' என்னும் சக்கரம். பல திரைப் பியானோக்களில் கட்டைகளுக்கு அருகில் செங்குத்தாகவோ கிடையாகவோ ஒரு நகர்த்தியாக அது இருக்கும். நகர்த்தினால் ஒலிக்கும் ஸ்வரம் விட்டுவிடாமல் மேலே வழுக்கும், கீழே இறங்கும். வழக்கமாக அதன் எல்லை மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம். இந்த எல்லைக்குள் 16,384 படிகள் இருப்பதால் படி தெரியாமல் வழவழப்பாகவே நகரும். எல்லையை விரிக்கவும் பெரும்பாலான ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் இடம் உண்டு.

மவுஸ் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கட்டையில் வைத்தால் சக்கரத்தைத் தொட முடியாது. ஆகவே உங்கள் மகன் இடக்கையால் விசைப்பலகையின் எழுத்தை அழுத்தி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் மவுஸை வைத்துச் சக்கரத்தை அசைக்க வேண்டும். ரிஷபத்தை அழுத்திப் பிடித்து, சக்கரத்தை மேல்நோக்கி ஏற்றி இறக்கிக் காந்தாரத்தைக் காட்டுவது ஒரு வழி. சக்கரம் அந்தச் சேனலில் (ஒலித் தடத்தில்) ஒலிக்கும் அனைத்து ஸ்வரங்களையும் சேர்த்தே நகர்த்தும் என்பதால், சுருதியை வேறொரு சேனலில் வைக்காவிட்டால் அதுவும் சேர்ந்து ஆடிவிடும்.

இவ்வளவு செய்தாலும், சீவாளியில் காற்றைக் கூட்டியும் குறைத்தும், துளையைப் பாதி மூடியும் நீங்கள் எழுப்பும் அசைவுக்கு அது நிகராகாது. கீர்த்தனையின் ஸ்வரங்களையும் தாளத்தையும் மறக்காமல் பதிந்துவைக்க மகன் கணினியைப் பயன்படுத்தட்டும். கமகத்துக்கு நீங்கள் வாசிப்பதையே ஒலிப்பதிவு செய்து, அந்தக் கோப்போடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதே அடுத்த தலைமுறைக்குப் பயன்படும்.

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நண்பர்கள் சேர்ந்து, பெரியவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளைக் கணினியில் பதிவு செய்கிறோம். பின்னணிக்குத் திரைப் பியானோவில் வாசித்தால், அழுத்தியபின் சற்றுத் தாமதித்தே ஒலி வருகிறது. தாளம் சேரவில்லை. புளூடூத் ஸ்பீக்கரைத்தான் பயன்படுத்துகிறோம்.
– வாசகர், தொண்டி

பதில்: முதலில் புளூடூத் ஸ்பீக்கரை ஒதுக்கிவிட்டு, கம்பி உள்ள இயர்போனை மாட்டுங்கள். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்து ஒலிக்க வைப்பதற்கே நொடியில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் ஆகிவிடும். பாட்டுக் கேட்பதற்கு அது பொருட்டில்லை. வாசிப்பதற்கு உதவவே உதவாது.

அதன் பிறகும் தாமதம் இருந்தால், மென்பொருளின் ஒலி அமைப்பில் 'பஃபர்' என்ற எண்ணைப் பாருங்கள். கணினி ஒலியைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. பஃபர் என்பது ஒரு பொட்டலத்தின் அளவு. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான வேகத்தில், 1024 மாதிரிகள் கொண்ட பொட்டலம் நிரம்ப 23 மில்லி நொடி ஆகும். 256 என்று வைத்தால் 6 மில்லி நொடிக்கும் குறைவு. மிகவும் குறைத்தால் கணினியால் ஈடுகொடுக்க முடியாமல் ஒலி படபடவென்று வெடிக்கும். வெடிக்காத மிகச் சிறிய எண் எதுவோ அதுவே உங்களுக்கு ஏற்றது. விண்டோஸ் கணினியில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ வகை டிரைவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; ஒலி அட்டையுடன் வராவிட்டால், ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் பல லேப்டாப்புகளில் வேலை செய்கிறது. பதிவு முடிந்து ஒலிகளைச் சேர்த்துச் சீர்செய்யும் வேளையில் எண்ணை மீண்டும் 1024க்கு ஏற்றிவிடலாம், அப்போது தாமதம் ஒரு பொருட்டல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்பாப் பாட்டின் வேகம் இழுக்கிறவர்களின் மூச்சோடும் வலையின் கனத்தோடும் கூடிக் குறையும். அதைச் சீராகத் தாளம் தட்டும் மென்பொருளின் மெட்ரோனோமுக்குள் அடைத்துப் பாடச் சொன்னால் பாட்டு செத்துவிடும். முதலில் பெரியவர்களைத் தங்கள் போக்கில் பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள்; பிறகு அதைக் கேட்டுக்கொண்டே திரைப் பியானோவை அதன்மேல் வாசியுங்கள்.

கேள்வி: கடலுக்கு மிக அருகில் வீடு. உப்புக்காற்றில் மகளின் கீபோர்டில் சில கட்டைகள் ஒலிப்பதில்லை, சில திடீரென்று அலறுகின்றன. இனிச் செலவு செய்யாமல் மகள் திரைப் பியானோவிலேயே பயிற்சி செய்யலாமா?
– வாசகர், வாலிநோக்கம்

பதில்: விரல் பயிற்சிக்குத் திரைப் பியானோ ஈடாகாது. மவுஸ் என்பது ஒற்றை விரல். எழுத்து விசைகளுக்கு அழுத்தம் தெரியாது; மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலிதான். கைபேசித் திரையில் விரல்கள் வைக்கலாம் என்றாலும், உண்மையான பியானோவில் ஒரு ஸ்தாயி ஏறத்தாழ பதினாறரை சென்டிமீட்டர் அகலம். கைபேசியைப் படுக்கவைத்தாலும் முழு அளவில் ஒரு ஸ்தாயி கொள்ளாது. குறுகிய கட்டைகளில் பழகிய விரல்களை உண்மையான கருவியில் மறுபடியும் பழக்க வேண்டியிருக்கும்.

கருவியைத் தூக்கி எறியும் முன் அதற்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழும், அதன் உட்புறம் கரித்தொடுப்பும் இருக்கும். அழுத்தத்தை உணரும் கீபோர்டுகளில் கட்டைக்கு இரண்டு தொடுப்புகள். முதலாவது தொட்டபின் இரண்டாவது தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கொண்டே எவ்வளவு ஓங்கி அடித்தோம் என்பதைக் கருவி கணக்கிடுகிறது. ஈரமும் உப்பும் தூசியும் அந்தத் தொடுப்புகளில் படிந்தால் கணக்கு பிசகும். ஒரு கட்டை ஊமையாவதும் இன்னொன்று அலறுவதும் அதனால்தான். நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. கருவியைப் பிரிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, தொடுப்புகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரணத் துணியும் தண்ணீரும் கூடவே கூடாது.

திரும்பி வந்ததும் கடல் பார்த்த சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். வாசிக்காத நேரத்தில் உறையிட்டு, உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள். கருவி பழுதுபார்க்கப் போயிருக்கும் நாள்களில் மகள் திரைப் பியானோவைத் திறந்து, பாடத்தில் உள்ள நோட்டுகளைப் பார்த்து எந்தக் கட்டை என்று தொட்டுக் காட்டிப் பழகலாம். நோட்டுப் படிக்கும் வேகம் அதனால் கூடும். வெள்ளைக் கட்டைகளின் மேல் தோன்றும் எழுத்துப் பெயர்களை அமைப்புப் பகுதியில் அணைத்துவிட்டுப் பழகச் சொல்லுங்கள்.